40 மில்லிமீட்டர் மாண்பு

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு விதி வகுத்த பல்கலைக்கழகக் குழுவினர் சமூகத்துக்கு,

இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் தங்களை நினைக்காத மார்ச் மாத இரவு கிடையாது. இடப்பக்க ஓரம் 35 முதல் 40 மில்லிமீட்டர் என்று அருளியிருக்கிறீர்கள். பைண்டிங்கில் எழுத்து மறையாதிருக்க அவ்வளவு இடம் வேண்டும்தான். ஆனால் கைடு 35 கட்சி, துறைத்தலைவர் 40 கட்சி என்று வாய்த்துவிட்டால், 5 மில்லிமீட்டருக்காக மொத்த அறிக்கையும் மறுபடி அச்சாகிறது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் தங்களுக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்.

எழுத்துருவும் டைம்ஸ் நியூ ரோமனேதான் என்கிறீர்கள். லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் குறுகிய பத்திகளில் நிறையச் செய்தி அடைக்க 1932-ல் கொண்டுவந்த எழுத்து அது. இடத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்ததை ஒன்றரை வரி இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இத்தனை விதி எழுதியவர்கள், அவற்றைச் செய்துகாட்டும் கோப்பு ஒன்றை மட்டும் தரவில்லை. விளைவு, சீனியரின் வேர்டு கோப்பு பேட்ச் பேட்ச்சாகக் கைமாறுகிறது. பெயரை மாற்ற மறந்தால், போன வருடமே படித்து முடித்தவர் இந்த வருட போனஃபைடு சான்றிதழிலும் நிற்பார். பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், அத்தியாயங்களுக்கு 1, 2, 3 என்ற விதிக்காக அறிக்கையையே இரண்டு கோப்புகளாக வெட்டுகிறார்கள். கணினி அறிவியல் மாணவர்களும்தான்! நன்றியுரையில் தாளாளர் முதலிலும் பெற்றோர் கடைசியிலும் வரும் வரிசை மட்டும் எந்த பேட்ச்சிலும் பிசகியதில்லை.

இந்தப் பக்க அமைப்புத் தொல்லை புதிதல்ல. கணினி அறிஞர் டொனால்டு க்னூத் 1977-ல் தம் புத்தகத்தின் மெய்ப்பைப் பார்த்தார். அச்சுக்கோப்பு சகிக்கவில்லை. தாமே ஒரு மென்பொருள் எழுதத் துணிந்தார். 1978-ல் முடித்துவிடலாம் என்று நினைத்த 'டெக்', 1989-ல்தான் இறுதி வடிவம் கண்டது. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய 'லேடெக்' இன்றும் இலவசம். ஓரம், பக்க எண், பொருளடக்கம், மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பக்கத்தை ஒழுங்காக அமைக்க க்னூத்துக்கே பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. தாங்கள் மாணவருக்குக் கொடுப்பது சமர்ப்பிப்புக்கு முந்தைய ஓர் இரவு.

வழி தெரியாத காரியமுமில்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வேடுகளுக்கென்று ஒரு லேடெக் வார்ப்புரு பல்லாண்டாகப் புழங்குகிறது. பி.டெக். என்று குறித்தால் அதற்குரிய முகப்பு, பிஎச்.டி. என்றால் அதற்குரியது. அதை எழுதியது எந்தக் குழுவும் அல்ல, அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவர்.

ஆகவே குழுவினர் அடுத்த கூட்டத்தில் ஒரு லேடெக் வார்ப்புருவும், அது வராதவர்களுக்கு ஒரு வேர்டு வார்ப்புருவும் செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத் தளத்தில் போடவேண்டும். ஓரம் 35-ஆ 40-ஆ என்பதையும் அன்றே முடிவுசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றரை வரி இடைவெளியில் காத்திருப்போர்