மங்குஸ்தான் மாமா

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் ஊர் துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பும். மங்குஸ்தான் மாமா பிளாஸ்டிக் டப்பாவும் ஈரத்துணியுமாகக் கிளம்புவார். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை. பழக்கடை வாசலில் நின்று, ஒவ்வொரு பழத்தையும் கவிழ்த்து, அடியில் இருக்கும் தழும்பின் இதழ்களை எண்ணுவார். வெளியே எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. "இதுல ஆறு" என்பார். உடைத்தால் ஆறுதான் இருக்கும். அன்றைக்கு அந்தக் கடைக்கு வேறு வியாபாரம் நடக்காது.

சென்னைப் புறநகரில் தெருவுக்கு ஒரு மாமா இப்படி உண்டு. பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். மாடியில் தக்காளி, கத்தரி வளர்ப்பவர்களிடம் அவருக்குப் பகை ஏதும் இல்லை, கொஞ்சம் இரக்கம்தான்.

பழம் தின்பது வீட்டாரின் வேலை, விதை வாங்குவது இவர் வேலை. பேத்தி சுளையை வாயில் போட்டதும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். "பல்லு படாம துப்பும்மா!" எல்லாச் சுளையிலும் நல்ல விதை இருக்காது, பழத்துக்கு ஒன்றோ இரண்டோ தேறினால் அதிகம். தேறியதைக் கழுவி, தங்கம் நிறுக்கும் சின்னத் தராசில் வைப்பார். ஒரு கிராமுக்குக் குறைந்தால் தள்ளுபடி. காய்ந்தால் செத்துப்போகிற விதை இது, சில நாளுக்குள் மண்ணுக்குப் போயாக வேண்டும். அதனால் பொதிகை எக்ஸ்பிரஸில் மாமி நகைப்பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார். மாமா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தப்ப முடியாது. மங்குஸ்தானுக்கு அப்பா கிடையாது என்று பாயசம் வரும் நேரத்தில் ஆரம்பிப்பார். விஷயம் உண்மைதான்: மகரந்தச் சேர்க்கை இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே விதை உண்டாகிறது, கன்று தாயின் அச்சாகவே வளரும். பிறகு இங்கிலாந்து. விக்டோரியா ராணி இந்தப் பழத்துக்குப் பரிசு அறிவித்ததாக ஒரு கதை உலவுகிறது, ஆதாரம் இல்லை. மாமா சொல்லும்போது பரிசுத் தொகை ஆண்டுதோறும் ஏறும். ஆனால் 1855-ல் இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் இது காய்த்தது நிஜம். "குளிர் தேசத்துல காய்ச்சது, என் மாடியில காய்க்காதா?"

காய்க்கலாம்தான். மங்குஸ்தான் கேட்பது எப்போதும் ஈரக்காற்று, நிழல், உப்பில்லாத தண்ணீர். அதனால்தான் 1871-ல் தொடங்கிய பர்லியாறு பண்ணையில், நீலகிரிச் சரிவில் சுகமாக வளர்கிறது. மாமா வீட்டிலோ போர் தண்ணீர் உப்பு, இலை ஓரம் கருகிவிடும். கடைசியில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பில்லை என்று கண்டுபிடித்தார்.

"ஆளே இல்லாத ரூம்ல எதுக்குங்க ஏசி ஓடுது?"

"ஒரு பக்கெட் நிறையட்டும், நிறுத்திடறேன்."

ஆணிவேர் நேரே கீழே இறங்கும், பக்கவேர் சொற்பம், அசைத்தால் கோபித்துக்கொள்ளும். அதற்காகத் தொட்டி வேண்டாமென்று பிவிசி குழாயை வெட்டி நட்டிருக்கிறார். மொட்டை மாடியைப் பார்த்தவர்கள் பிளம்பிங் வேலை பாதியில் நிற்பதாக நினைக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் கன்று ஒரு முழம் எட்டினால் பெரிய வளர்ச்சி. புதிதாக ஒரு ஜோடி இலை செம்மை பூசி விரிந்தால் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் குழந்தை பிறந்த மாதிரி அறிவிப்பு வரும். விதைக்கன்று காய்க்க எட்டு, பத்து வருஷம் ஆகுமே என்று ஒட்டுக் கட்டவும் பார்த்தார். நுனிக்கொம்புக்குப் பதில் பக்கக் கிளையில் எடுத்துவிட்டதால் அது மேலே போகாமல் பக்கத்து வீட்டை நோக்கிப் படுத்தே வளர்கிறது.

மிஞ்சிய கன்றுகள் கிரகப்பிரவேசப் பரிசாகப் போகும். வாங்கியவர்களுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. மாமா விசாரிக்க வருவார். ஒரு மருமகன் வீட்டில் கன்று கோடையிலேயே காய்ந்துவிட்டது. வருகிறார் என்று தெரிந்ததும் அதே தடித்த, பளபளக்கும் இலையோடு ஒன்றை நர்சரியில் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்கள். மாமா குனிந்து இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நரம்பெல்லாம் சீப்புப் பல் இடைவெளிகூட இல்லாமல் நெருக்கம்.

"இது புன்னை" என்றார். மருமகன் முகம் வெளுத்தது.

"எந்த நர்சரி மாப்பிள்ளை? நாலு வாங்கணும். இதுல மங்குஸ்தான் ஒட்டிப் பார்க்கலாம்."