திருடன் இல்லாத வீட்டில் போலீஸ்

கேள்வி: கீலேஷன் சிகிச்சை உடம்பிலுள்ள உலோக நஞ்சை எல்லாம் வெளியேற்றிவிடுமாமே? தாது உப்பு குறையும், பழைய வைரஸ் கிளம்பும் என்றும் சொல்கிறார்களே?

பதில்: ரத்தத்தில் ஈயம் ஆபத்தான அளவில் இருந்தால் அது உயிர் காக்கும் மருந்து. இல்லாதவருக்கு ஏற்றினால், திருடன் இல்லாத வீட்டில் புகுந்த போலீஸ் வீட்டுக்காரரையே இழுத்துப்போன கதைதான்! துத்தநாகமும் செம்பும் சிறுநீரோடு போய்விடும். கீலேஷனுக்கு ஏற்றும் இ.டி.டி.ஏ. மருந்தில் கால்சியம் சேர்ந்தது, சேராதது என இரண்டு உண்டு. சேராதது ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடுமாறும். 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசத்துக்கென்று இது ஏற்றப்பட்ட 5 வயதுச் சிறுவன் இறந்தே போனான். ஆட்டிசத்தைக் கீலேஷன் குணமாக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

துத்தநாகம் குறைந்தால் எதிர்ப்புச் சக்தி தளரும் என்பது உண்மை. ஆனால் கீலேஷன்தான் வைரஸைக் கிளப்புகிறது என்று நிரூபணமாகவில்லை. "சிகிச்சையின்போது கொப்புளம் வந்தால் நல்லது, நஞ்சு வெளியேறுகிறது" என்று யாராவது சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதித்து, "பாருங்கள், உலோகம்!" என்று காட்டினாலும் மயங்காதீர்கள். ஆரோக்கியமானவருக்குக் கொடுத்தாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும்.