ஒரு முக்கோணம், 1,000 வரி

கேள்வி: 2016 பிப்ரவரியில் க்ரோனோஸ் குழுமம் 'வல்கன்' என்ற கிராபிக்ஸ் புரோகிராமிங் கருவியை வெளியிட்டபோது, புரோகிராமர்கள் ஆனந்தப்பட்டார்களா, அலறினார்களா?

பதில்: இரண்டும்தான்! 1992-இல் வந்த பழைய கிராபிக்ஸ் கருவியான ஓப்பன்ஜிஎல், ஹோட்டல் சாப்பாடு மாதிரி. இலை முன்னால் உட்கார்ந்தால் போதும், மற்றதை டிரைவர் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வல்கனோ அடுக்களைச் சாவியையே கையில் கொடுத்துவிட்டது. மெமரி ஒதுக்குவது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று வரிசைப்படுத்துவது, எல்லாம் உங்கள் தலையில். பலனும் உண்டு: பிராசஸரின் பல கோர்களும் ஒரே நேரத்தில் கட்டளைகளைத் தயாரிக்கலாம். கேம் இன்ஜின் எழுதுகிறவர்கள் விசிலடித்தார்கள். புதிதாகக் கற்க வந்தவர்களோ, ஒரே ஒரு முக்கோணம் வரைய ஏறக்குறைய 1,000 வரி எழுதிவிட்டு, 'பள்ளிக்கூடத்தில் மூன்றே கோட்டில் முடித்தோமே!' என்று பெருமூச்சு விட்டார்கள்.