கம்பியற்றோர் கல்வி
கம்பியில்லா விளையாட்டுக் கன்ட்ரோலர், லினக்ஸ் கணினியோடு முதல்நாள் இணைந்து, மறுநாள் முன்பின் அறியாததுபோல் விளக்கை மட்டும் மினுக்குவதைக் குறை என்போர் நன்றியற்றோர்; அது கட்டணமில்லாக் கல்வி. புளூஸ், அதாவது லினக்ஸின் புளூடூத் மென்பொருள் தொகுதி, சாதனத்தை இணைத்ததோடு நில்லாமல், ‘நம்பகமானது’ என்று தனிக் கட்டளையால் சான்றளிக்கவும் கோருகிறது. சான்றில்லாச் சாதனம் அனுமதி கேளாமல் நுழையலாகாது என்னும் இவ்வொழுங்கு, பத்திரப்பதிவு அலுவலகங்களுக்கே முன்மாதிரி. அதே கணினியில் விண்டோஸும் குடியிருந்தால் பாடம் ஆழமாகும்: அங்கே மறுபடி இணைத்ததும் இணைப்புச் சாவி, அதாவது இருதரப்பும் சேமித்துவைக்கும் இரகசிய எண், புதிதாகிவிட, லினக்ஸோ பழைய சாவியைப் பக்தியோடு பேணிக்கொண்டிருக்கும். ஆகவே பழைய பதிவை நீக்கி, மீண்டும் இணைத்து, மீண்டும் சான்றளித்து, யாவும் கைகூடிய நள்ளிரவில் விளையாட்டைத் திறக்கும் பயனர், அது விசைப்பலகையை மட்டுமே ஏற்கும் என்று அறிகிறார்.