இரண்டு மேடை, ஒரே சிலம்பு

நான் பள்ளிக்கூடம் போன நாளில் கெங்குவார்பட்டியில் கோயில் கும்பிடு என்றால் ஒரு ராத்திரி ‘கோவலன்’ நாடகம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. ராஜபார்ட் ஒரு பஸ்ஸில், ஸ்திரீபார்ட் இன்னொரு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது; பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் மனப்பாடம். பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால், கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும்போது கொடைக்கானல் மலைமுகடு வெளுக்கும். சிலம்பை ஓங்கி அடிப்பார். கண்ணாடி மணிகள் பலகையில் தெறிக்கும். விடிந்ததும் நாங்கள் மேடைக்கு அடியில் புகுந்து அவற்றைப் பொறுக்குவோம்.

அந்த மேடையில் மாதவி பணம் பறிக்கிறவள். அவள் வீசிய மாலை கோவலன் கழுத்தில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். என் அப்பத்தா மண்ணை வாரித் தூற்றுவார்.

கல்லூரியில் இளங்கோவடிகளைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. மாதவியின் மாலையைக் கூனி தெருவில் விற்கிறாள். 1,008 கழஞ்சு பொன் விலை. வாங்கியவன் கோவலன். அவன் கொலையுண்ட சேதி கேட்டுத் துறவு பூண்டவள் மாதவி. எங்கள் ஊர் மேடைக்கு வந்தது காப்பியம் அல்ல, நாட்டார் வாயில் வளர்ந்த கோவலன் கதை.

பிற்பாடு சென்னையில் சிலப்பதிகார நாட்டிய நாடகம் பார்த்தேன். மாதவிக்கு அங்கே நியாயம் கிடைத்தது, கண் கலங்கினேன். ஆனால் பாட்டு ஒலிப்பதிவு. சிலம்பு உடையும் சத்தமும் ஸ்பீக்கரில்தான் வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் மதுரை எரிந்து முடிந்தது.

சுவாமிகளின் பாட்டில் ‘மாபாவியோர்’ வாழும் மதுரை என்று வந்ததற்கு மதுரைக்காரர்கள் சண்டைக்குப் போனதாகவும், மா, பா, வி மூன்றும் முப்பெரும் தேவியர் என்று அவர் பொருள் சொன்னதாகவும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். சபையோடு வாக்குவாதம் செய்கிற உயிர் அந்த மேடைக்கு இருந்தது. ஒலிப்பதிவோடு யார் சண்டை போட முடியும்?

இன்று எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிதான் அதிகம். கண்ணகிக்குக் கூடலூர் மலைமேல் கோயில் இருக்கிற மாவட்டம் இது. சித்திரா பௌர்ணமிக்கு ஜனம் மலையேறுகிறது. கும்பிடு நடத்தும் பெரியவர்களே, அடுத்த முறை ஒரு ராத்திரியைக் கோவலனுக்குக் கொடுங்கள். மாதவிக்கு இளங்கோ கொடுத்த மரியாதையையும் அந்த மேடையிலேயே பாடச் சொல்லுங்கள். விடியும்வரை உட்கார்ந்திருக்க நான் வருகிறேன்.