ஓட்ட ஓட்ட செட்டாயிடும்

புது சைலன்சர் வாங்கிவிட்டீர்கள், வாழ்த்துகள். ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ அதைப் பொட்டலம் கட்டும்போதே, "எல்லா வண்டிக்கும் சேரும் ஜி" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். எந்த வண்டிக்கும் அளவெடுத்துச் செய்யவில்லை என்பதை வியாபாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டு வாசர், ஒரு கிளாம்ப், நீளம் போதாத ஒரு போல்ட், டேங்க்கில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எப்படி மாட்டுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றே வைத்துக்கொள்வோம். கோல்டுஸ்டார், இந்தோரி, பஞ்சாப், ஷார்ட் பாட்டில் என்று சைலன்சருக்குக் குலம் கோத்திரம் பார்க்கிற கூட்டம் அந்த வண்டிக்குத்தான் அதிகம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சைலன்சர் எதில் இடித்தாலும் தப்பு சைலன்சர் மேல் இல்லை. இடிபடுகிற சாமான் அங்கே இருந்ததுதான் தப்பு.

முதலில் அகப்படுவது சென்டர் ஸ்டாண்ட். பல வண்டிகளில், ஸ்டாண்டைத் தட்டி மேலே விட்டால் அது வந்து முட்டி நிற்பதற்கான ரப்பர் கட்டையைக் கம்பெனி சைலன்சரின் அடியிலேயே வைத்திருப்பார்கள். பழைய சைலன்சரைக் கழற்றினால் கட்டையும் கூடவே போய்விடும். அப்புறம் ஸ்பிரிங் இழுக்கிற வேகத்தில் ஸ்டாண்ட் நேராகப் போய்ப் புது குரோம் மேல் விழும், இல்லாவிட்டால் ஸ்விங் ஆர்மில் முட்டும். ரோட்டில் பள்ளத்துக்கு ஒரு 'டங்'. இதற்கென்றே ஸ்டாப்பர் கிளாம்ப் என்று ஒரு சின்ன சாமான் கிடைக்கிறது. ஆனால் சைலன்சருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர் ஸ்டாப்பருக்குக் காசு செலவழிப்பது கௌரவக் குறைச்சல். ஸ்டாண்டையே கழற்றிவிடுங்கள்.

கழற்றியதன் பலன் பின் டயர் பஞ்சராகும் நாளில்தான் தெரியும். வண்டி ஏறத்தாழ 195 கிலோ. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றுகிறவரை, உச்சி வெயிலில், அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். செயினுக்கு ஆயில் போட நினைக்கும்போதும் ஸ்டாண்டின் ஞாபகம் வரும். பெரும்பாலோர் அதிலிருந்து செயினுக்கு ஆயில் போடுவதையே விட்டுவிடுவதால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

அடுத்தது பின் பிரேக் பெடலும் ஃபுட் ரெஸ்ட்டும். பெடலை மிதிக்கும்போது அதன் கீழ்நுனி பைப்பைத் தொட்டால், பிரேக் பாதியிலேயே நின்றுவிடும். "பிரேக் புடிக்குதே, கொஞ்சம் கம்மியா புடிக்குது, அவ்ளோதான்" என்பார் மெக்கானிக். இந்த ஓர் இடத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்: பிரேக் பெடல் முழுதாக இறங்காத வண்டியைத் தெரு முனை டீக்கடைக்குக்கூட எடுத்துப் போகாதீர்கள். பிரேக் ஹோஸ் பைப்பை ஒட்டிப் போனாலும் அப்படித்தான். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 155-லேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் உள்ளே குமிழி கட்டும், பெடல் பஞ்சாகிவிடும்.

மறுபடி விளையாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் எல்லா இடிக்கும் ஒரே மருந்து, வாசர். பிராக்கெட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே இரண்டு வாசர் சொருகினால் சைலன்சர் வெளியே தள்ளிக்கொள்ளும். போதாவிட்டால் நாலு. நாலுக்கு போல்ட் எட்டாது என்பதால் நீள போல்ட், நீள போல்ட் ஆடும் என்பதால் இன்னொரு வாசர். இப்படி வால் பக்கத்தை வெளியே தள்ளத் தள்ள, முன்பக்கம், எஞ்சினிலிருந்து வரும் பெண்ட் பைப்போடு சேரும் வாய் கோணிக்கொள்கிறது. அங்கே கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு பக்கம் கேப் விழும். கேப்பைச் சுற்றிக் கரி படியும், ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் 'பட் பட்' என்று வெடிக்கும். நண்பர்கள் கேட்டால் ரேஸ் டியூனிங் என்று சொல்லிக்கொள்ளலாம். பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் பெண்ட் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் லீக் விழுந்தால் வெளிக்காற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு, எஞ்சினுக்குத் தப்புக் கணக்கை அனுப்பும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். விளக்குக்கும் மருந்து உண்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப்.

முறையான வழியும் ஒன்று இருக்கிறது. இதைச் செய்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் யாரும் செய்வதில்லை. ஆகவே ரகசியம்போல் சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லா நட்டையும் போல்ட்டையும் கையால் மட்டும் மாட்டுங்கள், ஸ்பேனரைத் தொடாதீர்கள். பைப் தன் இஷ்டப்படி உட்காரட்டும். பெண்ட் பைப் எஞ்சின் ஹெட்டில் நேராகப் பொருந்தியிருக்கிறதா, புது கேஸ்கட் வைத்தாயிற்றா என்று பாருங்கள். பிறகு ஹெட்டில் தொடங்கி, நடுக் கிளாம்ப், கடைசியில் பிராக்கெட் என்று முன்னாலிருந்து பின்னாலே போய் முறுக்குங்கள். நம் பட்டறைகளில் பிராக்கெட்டைத்தான் முதலில் இறுக்குவார்கள், கை எட்டுகிற இடம் அதுதான் என்பதால். அதன் பிறகு மற்றதெல்லாம் இழுத்துக் கட்டுவதுதான். பாதி இடிகள் அந்த இழுவையில் பிறந்தவை.

அப்புறம் சமையலறைக்குப் போய்ச் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கேளுங்கள். எதற்கென்று சொல்லாமல் கேட்பது நல்லது. சைலன்சருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே, சைலன்சருக்கும் பெடலுக்கும் நடுவே, எங்கெல்லாம் சந்தேகமோ அங்கெல்லாம் கொஞ்சம் அப்புங்கள். பின்பக்கம் இரண்டு ஷாக்கையும் கழற்றி, சக்கரத்தை முழுதாக மேலே தூக்கி இறக்குங்கள். பெடலை அடிவரை மிதியுங்கள். பின் மாவை எடுத்துப் பாருங்கள். மாவு காகிதமாய் நசுங்கிய இடம்தான் உங்கள் எதிரி. சைலன்சர் பிரேமோடு கட்டப்பட்டது, ஏறி இறங்குவது சக்கரம். கடை வாசலில் வண்டி சும்மா நிற்கும்போது பார்த்துவிட்டு "நல்ல கேப் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. உங்களோடு மச்சானும் ஏறி, கூடவே ஒரு மூட்டை அரிசியும் ஏறினால் அந்தக் கேப் எங்கே போயிற்று என்று தேட வேண்டிவரும்.

மாவு சோதனையில் தேறினாலும் உடனே கொண்டாட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு மீட்டர் பைப் 300 டிகிரி சூடு ஏறினால் 5 மில்லிமீட்டர் நீளும். காலையில் இடிக்காதது தாம்பரம் தாண்டும்போது இடிப்பது இதனால்தான். மெக்கானிக் காலையில் பார்க்கிறார், நீங்கள் மாலையில் புகார் சொல்கிறீர்கள், இரண்டு பேரும் உண்மையே பேசுகிறீர்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல் நுழையும் அளவு விட்டால் சண்டை வராது.

கீழ்ப்பக்கம் தரை இருக்கிறது. இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டியின்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த அளவில் இருந்தால் தாழத் தொங்கும் பைப்பும் தப்பிக்கும். ஆனால் நம் ஊர்த் தடைகளை அந்தந்தத் தெருக்காரர்களே கோபம் வந்த ராத்திரியில் கட்டிக்கொள்கிறார்கள். அவற்றுக்கு அளவு, கோபத்தின் அளவுதான். பைப்பின் அடியில் கீறல் விழுந்தால் வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள், குனிந்து பார்க்கிறவர் யார்?

அடுத்து அகப்படுவது பின்னால் உட்கார்கிறவர் கால். கம்பெனி சைலன்சர் மேல் இருந்த தகட்டுக் கவசத்தை அழகுக்குக் குறைவென்று நீங்கள் தூக்கிப் போட்டிருப்பீர்கள். சித்தி வலப்பக்கமாக இறங்கும்போது கெண்டைக்காலில் வட்டமாக ஒரு முத்திரை விழும். டூத் பேஸ்ட் தடவ யாராவது ஓடி வருவார்கள், தடுத்துவிடுங்கள். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதுதான் வைத்தியம். சித்தி அதற்குள் உங்கள் அம்மாவுக்கு போன் செய்து முடித்திருப்பார்.

கடைசி இடி சிக்னலில். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குத் தயாரிப்பு நிலையில் விதித்த ஒலி வரம்பு 80 டெசிபல். உங்கள் ஷார்ட் பாட்டில், உள்ளே சத்தத்தைக் குறைக்க இருந்த டிபி கில்லரையும் உருவிய பிறகு, எவ்வளவு என்று அளந்து பார்க்க மீட்டர் வேண்டாம், தெருவில் தொட்டிலில் தூங்கும் குழந்தை போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. லைசென்ஸும் 3 மாதம் போகும். பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிற காட்சியை நாட்டில் பல ஊர்ப் போலீசார் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு அது எதிலும் இடிக்காது.

எது எப்படியானாலும், கழற்றிய கம்பெனி சைலன்சரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரப்பர் கட்டையோடும் தகட்டுக் கவசத்தோடும், வாயில் எலி புகாமல் துணி அடைத்து, பரணில் வையுங்கள். வண்டியை விற்கிற அன்று வாங்க வருகிறவர் குனிந்து பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "ஸ்டாக் சைலன்சர் வெச்சிருக்கீங்களா?" என்றுதான்.