எட் ஆல் பதில்கள்

கே: வான்கூவர் ஸ்டைலில்தான் ரெஃபரன்ஸ் போட வேண்டுமாம். கனடாவுக்கும் என் தீசிஸுக்கும் என்ன சம்பந்தம்?
– முதுநிலை மாணவி, மதுரை

ப: 1978 ஜனவரியில் மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் சிலர் வான்கூவரில் கூடினார்கள். தட்டச்சுக் காலம் அது. ஒரு ஜர்னல் திருப்பி அனுப்பிய கட்டுரையை அடுத்த ஜர்னலுக்கு அனுப்ப, அவர்கள் கேட்கும் வடிவில் மறுபடி முழுவதும் அடிக்க வேண்டும். 'எல்லோரும் ஒரே மாதிரி கேட்போமே' என்று பேசி, 1979-இல் விதிகளை வெளியிட்டார்கள். ரெஃபரன்ஸ் வடிவத்தை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வகுத்துக் கொடுத்தது. அந்தக் குழுதான் பிறகு ஐ.சி.எம்.ஜே.இ. (மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) ஆனது. ஆக, உங்கள் சிரமத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு இது. சிரிக்காதீர்கள்.

கே: 2002;347(4):284-7. இது என்ன, போன் நம்பரா?
– ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்

ப: விலாசம். 2002 ஆண்டு, 347 தொகுதி, அடைப்புக்குள் இருப்பது இதழ், அப்புறம் பக்கம். ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, இதழுக்குப் பின் முக்காற்புள்ளி, நடுவில் இடைவெளி கிடையாது. கடைசியில் தனியாக நிற்கும் 7, 287-இன் வால். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏ.எம்.ஏ. பாணிக்கு இந்தச் சிக்கனம் ஆகாது. 284-287 என்று முழுசாக எழுத வேண்டும்.

கே: 'லான்செட்' என்பதை எப்படிச் சுருக்குவது?
– சேலம் வாசகர்

ப: சுருக்கவே கூடாது. ஒற்றைச் சொல் பெயருக்கு விலக்கு உண்டு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் போன்ற நீளப் பெயர்கள்தான் 'என் எங்ல் ஜே மெட்' என்று இளைக்கும். நீங்களாக இளைக்க வைக்காதீர்கள்; தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாக்கில் பார்த்து எழுதுங்கள்.

கே: எங்கள் கட்டுரையில் ஒன்பது பேர். ரெஃபரன்ஸில் யார் யார் பெயர் வரும்?
– ஐந்தாவது ஆசிரியர், கோவை

ப: தேசிய மருத்துவ நூலகத்தின் மாதிரிகளைப் பின்பற்றும் பல ஜர்னல்களில் முதல் ஆறு பேர், பிறகு 'எட் ஆல்', அதாவது 'மற்றும் பலர்'. ஏ.எம்.ஏ. பாணியில் ஆறு பேரைத் தாண்டிவிட்டால் மூன்றே பேர், பிறகு 'எட் ஆல்'. நீங்கள் ஓர் ஊரில் இருப்பீர்கள், இன்னோர் ஊரில் இருக்க மாட்டீர்கள்.

கே: என் கட்டுரையை எடுத்தாள்பவர்கள் எல்லாம் என் அப்பா பெயரைப் போடுகிறார்கள். அவர் ரிட்டையர்டு தாசில்தார்.
– செல்வி என்கிற முத்துசாமி, திருநெல்வேலி

ப: தமிழ்நாட்டு அப்பாக்கள் எழுதிக் குவித்திருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்குக் கணக்கே இல்லை! 'லாஸ்ட் நேம்' என்று ஜர்னலின் படிவம் கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பார்த்து 'செல்வி முத்துசாமி' என்று நிரப்புகிறோம். அது பப்மெட்டில் 'முத்துசாமி எஸ்' ஆகி, தாசில்தார் மகப்பேறு நிபுணராகிவிடுகிறார்.

பழைய ஆட்கள் இதை அழகாகச் சமாளித்தார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வி. சாந்தா, ரெஃபரன்ஸ் பட்டியல்களில் 'சாந்தா வி'. இனிஷியலைத் தூக்கிப் பின்னால் வைத்தால் போதும், பெயர் பிழைத்துவிடும். லாஸ்ட் நேம் கட்டத்தில் 'செல்வி', ஃபர்ஸ்ட் நேம் கட்டத்தில் 'எம்'. முதல் கட்டுரையில் எப்படிப் போட்டீர்களோ, கடைசிக் கட்டுரை வரை அப்படியே போடுங்கள். ஆர்கிட் என்கிற, ஆராய்ச்சியாளருக்கான 16 இலக்க எண்ணையும் வாங்கி வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் மாறாது.

ஆனால் இன்னொருவர் கட்டுரையைக் காட்டும்போது, 'இவர் பெயர் அதுவல்ல, எனக்குத் தெரியும்' என்று திருத்தப் போகாதீர்கள். அச்சில் இருப்பதுதான் விலாசம்.

கே: மேலே ஏறி நிற்கும் எண் முற்றுப்புள்ளிக்கு முன்னாலா, பின்னாலா?
– குழம்பியவர், ஈரோடு

ப: ஏ.எம்.ஏ.யில் முற்றுப்புள்ளிக்கும் கமாவுக்கும் பின்னால். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால். ஏன் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை.

கே: சாஃப்ட்வேர் எல்லாம் எதற்கு? நூறு ரெஃபரன்ஸை நானே கையால் எண்ணிட்டுவிடுவேன்.
– தன்னம்பிக்கை, திருச்சி

ப: நானும் அப்படித்தான் இருந்தேன். அனுப்புவதற்கு முந்தின ராத்திரி ஒரு பத்தியை வெட்டினேன். அதில் இருந்த ஏழாம் எண் போனது, பட்டியலிலிருந்தும் எடுத்தேன். கட்டுரைக்குள் இருந்த எண்களை மாற்ற மறந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு எண்ணும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. குழந்தைகளுக்கான டோஸுக்கு நான் காட்டிய ஆதாரம், வெள்ளெலிகளின் தூக்கம் பற்றிய கட்டுரை. ரெவ்யூவர் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

ஸோட்டெரோ என்கிற சாஃப்ட்வேர் இலவசம். இடையில் ஒன்றைச் செருகினாலும் எடுத்தாலும் எண்ணைத் தானே மாற்றிக்கொள்ளும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பட்டியலில் இருந்தால் எச்சரிக்கவும் செய்யும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 வேக்ஃபீல்டு கட்டுரையை லான்செட் 2010-இல் திரும்பப் பெற்றது, ஞாபகம் இருக்கட்டும்.

கே: தலைப்பும் அப்ஸ்ட்ராக்டும் படித்தேன். மேற்கோள் காட்ட அது போதாதா?
– நேரமில்லாதவர், சென்னை

ப: 1980;302(2):123. என் எங்ல் ஜே மெட். போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதிய கடிதம், மொத்தமே ஐந்து வாக்கியம். படிக்க ஒரு நிமிடம் ஆகாது. மருத்துவமனையில் ஓபியாய்டு வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளில் நான்கு பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்றது கடிதம். 'மருத்துவமனையில்' என்பதுதான் அதில் உயிர்ச்சொல். படுக்கையில், நர்சின் கண் முன்னால், அளந்து கொடுத்த மருந்து.

2017-இல் சிலர் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 608. அவற்றில் 72 சதவீதம், 'ஓபியாய்டுக்கு அடிமையாவது அபூர்வம்' என்பதற்கு ஆதாரமாகக் காட்டின. மருத்துவமனை நோயாளிகள் என்பதையே சொல்லாமல் விட்டவை 81 சதவீதம். வீட்டுக்கு மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கும் இதையே சாட்சிக்கு இழுத்தார்கள். அமெரிக்கா இன்னும் அதற்கு விலை கொடுக்கிறது. கமா, அரைப்புள்ளி எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

கே: ஏ.ஐ.யிடம் கேட்டால் பத்து ரெஃபரன்ஸ் தருகிறது, டி.ஓ.ஐ.யோடு. நம்பலாமா?
– ஆவலுள்ளவர், யாழ்ப்பாணம்

ப: டி.ஓ.ஐ. என்பது கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்; சொடுக்கிப் பாருங்கள். நுரையீரல் கட்டுரைக்கு நெல் சாகுபடி வந்து நிற்கலாம், யாருமே வராமலும் போகலாம். ஆனால் ஏ.ஐ.யை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஒரு பெரிய பதிப்பகம், 'ரெஃபரன்ஸ் இப்படி இருக்க வேண்டும்' என்று காட்ட, இல்லாத ஜர்னலில் வந்த இல்லாத கட்டுரை ஒன்றை மாதிரியாகப் போட்டிருந்தது. தலைப்பு, அறிவியல் கட்டுரை எழுதும் கலை. அதை நானூறுக்குச் சற்றுக் குறைவான கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பதாக 2017-இல் தெரியவந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்கள்தான் பெரும்பாலும். மீதிப் பேரைப் பற்றி நான் பேசவில்லை.

கே: கைடு வாய்மொழியாகச் சொன்னதை எப்படிக் காட்டுவது?
– விசுவாசி, வேலூர்

ப: பட்டியலில் வராது. எழுத்தில் அனுமதி வாங்கி, வாக்கியத்துக்குள்ளேயே அடைப்பில் அவர் பெயரும் தேதியும் போடலாம். கேன்டீன் பேச்சுக்குத் தொகுதி எண் கிடையாது.

கே: அதே கைடு, தன் ஆறு கட்டுரைகளையும் சேர்க்கச் சொல்கிறாரே?
– அதே விசுவாசி

ப: பொருந்துவதைச் சேருங்கள். மற்றதற்கு, 'எந்த வாக்கியத்துக்கு சார் போடட்டும்?' என்று பணிவாகக் கேளுங்கள். அவரே தேடட்டும்.

கே: உங்களுக்கு ஏன் 'எட் ஆல்' என்று பெயர்?
– பலர்

ப: நல்ல ஜர்னலில் இதுவரை ஒரே ஒரு கட்டுரை. ஏழாவது பெயர் என்னுடையது.